கோச்சிப் பாதை எப்படிச் சாகிறது?

(இணையவழி நேரலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இங்கே ரொறன்ரோவில் காலை பதினொரு மணி. லண்டனில் இருப்பவர்களுக்கு மாலைத் தேநீர் நேரம். இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் இருப்பவர்கள் இரவுச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நன்றி.

சென்ற கூட்டத்தில் எங்கள் சிறுகதைகளில் வரும் ரயில்களைப் பற்றிப் பேசினோம். பேச்சு வழக்கம்போல யாழ்தேவியில் போய் நின்றது. அப்போது நண்பர் ஒருவர் சொன்னார்: "எங்கட தண்டவாளத்தைச் சண்டை திண்டுது. இந்த நாட்டுக்காரர் எண்டால் ஒரு ஆணியைக்கூட வீணாக்க மாட்டினம்." திரையில் எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். கூட்டம் முடிந்து கணினியை மூடிய பிறகுதான் உறுத்தத் தொடங்கியது. ஏனென்றால் நான் வேலைக்குப் போகும் ரயிலே, இந்த நாட்டுக்காரர் கழற்றி விற்ற ஒரு பாதையின் மிச்சம்.

ஸ்ரோவில் வழித்தடத்தைச் சொல்கிறேன். கென்னடி, அஜின்கோர்ட், மில்லிக்கன், யூனியன்வில், மார்க்கம் என்று நம்மவர்கள் நிறைந்த இடங்களை ஊடறுத்துக்கொண்டு போய், ஸ்ரோவிலுக்கு அடுத்த ஓல்ட் எல்மில் நின்றுவிடும் 'கோ' ரயில். ஆனால் தண்டவாளம் அங்கே முடிவதில்லை. இன்னும் வடக்கே அக்ஸ்பிரிட்ஜ் வரை கிடக்கிறது. அங்கே 1904இல் கட்டிய ஸ்டேஷன் ஒன்று சூனியக்காரியின் தொப்பிபோன்ற கூரையோடு நிற்கிறது. அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை. சல்லிக்கல் மேடு மட்டும்தான்.

அந்த மேட்டின் வரலாறு 1871இல் தொடங்குகிறது. ரொறன்ரோ-நிப்பிசிங் ரயில் கம்பனி என்று ஒன்று. தண்டவாளங்களுக்கு இடையே மூன்றரை அடி. தமிழ்நாட்டில் பழைய மீற்றர் கேஜ் ரயிலில் போனவர்கள் அதைவிடக் கொஞ்சம் அகலமாக நினைத்துக்கொள்ளுங்கள். ஜோர்ஜ் லெயிட்லோ என்ற வணிகர் முன்னின்று தொடங்கினார். பின்பலம் கூடர்ஹாம் குடும்பம். ரொறன்ரோவில் இன்று காதலர்கள் படம் எடுத்துக்கொள்ளும் டிஸ்டிலரி வட்டாரம் அவர்களுடைய சாராய ஆலையாக இருந்தது. ஆலைக்குத் தானியம் வேண்டும், நகரத்துக்கு விறகு வேண்டும், இரண்டும் வடக்கே இருந்தன. நிப்பிசிங் ஏரிக்குப் போவதாகப் பெயர் வைத்துப் புறப்பட்ட பாதை 1872இல் கோபகொங்க் என்ற சிற்றூரோடு நின்றுவிட்டது. ஏரியை அது கடைசிவரை பார்க்கவில்லை.

வழியிலிருந்த ஊராட்சிகள் இந்தக் கம்பனிக்குத் தங்கள் மக்களின் வரிப்பணத்தை எடுத்துக் கொடுத்தன. கடனாக அல்ல, இனாமாக. ரயில் வந்தால் ஊர் பிழைக்கும் என்ற நம்பிக்கை. ஆனால் பணம் போட்ட ஊர்களிடம் பாதை நிற்கவில்லை. 1882இல் மிட்லண்ட் கம்பனி, 1884இல் கிராண்ட் ட்ரங்க், 1923இல் கனேடிய தேசிய ரயில்வே என்று கைமாறிக்கொண்டே போனது. கோபகொங்கில் ரயில் நிற்கலாமா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும் மேசை மொன்றியலுக்குப் போய்விட்டது.

கிராமத்து ரயில் பாதை ஒரே நாளில் மூடப்படுவதில்லை. இதை நான் ஒரு தாதியாகப் புரிந்துகொண்டேன். சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் முதலில் இரவு வைத்தியர் போவார். பிறகு பிரசவ விடுதி போகும். பிறகு "நோயாளிகள் வருவது குறைந்துவிட்டது" என்று அறிக்கை வரும். எப்படி வருவார்கள்? ரயிலுக்கும் இதே கதைதான். முதலில் நாளுக்கு இரண்டு வண்டி ஒன்றாகும். பிறகு பயணிகள் பெட்டியைச் சரக்கு வண்டியின் வாலில் கட்டுவார்கள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் சரக்கு ஏற்றி இறக்கும்வரை ஆட்கள் காத்திருக்க வேண்டும். பராமரிப்புச் செலவைக் குறைப்பார்கள், பாதை பலவீனமாகும், வேகத்தைக் குறைக்கச் சொல்லிக் கட்டளை வரும். பக்கத்தில் புதிதாகத் தார் ரோட்டு, அதில் லொறி. பால்காரரும் மரக்காரரும் லொறிக்கு மாறுவார்கள். தபால் துறை ரயிலில் தபால் பிரிப்பதை விட்டுவிடும். கனடாவில் அது 1971இல் முழுதாக நின்றது. இதற்குப் பிறகு கணக்கெடுத்தால் நட்டம்தான் வரும். அந்தக் கணக்கில் பொய் ஒன்றும் இருக்காது. ஆனால் அது நோய்க்குப் பின் எடுத்த இரத்தப் பரிசோதனை, நோயின் காரணத்தைச் சொல்லாது.

கோபகொங்க் பக்கத்துத் தண்டவாளம் 1960களில் போனது. அக்ஸ்பிரிட்ஜுக்கும் லின்ட்சேக்கும் இடையில் இருந்தது 1990களின் தொடக்கத்தில் போனது. தெற்கே ஸ்ரோவில் வரை பிழைத்ததற்கு ஒரே காரணம், நகரம் அதுவரை வளர்ந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டது. 1982இல் 'கோ' ரயில் அந்தத் துண்டை எடுத்தது. இன்று அதில் இடம்பிடிக்க நாம் ஓடுகிறோம்.

என்னிடம் பராமரிப்பில் இருந்த ஒரு மூதாட்டி, தொண்ணூறு வயதைத் தொட்டவர், கனிங்டன் பக்கத்துப் பண்ணையில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது அப்பாவோடு பாலாடை நிரம்பிய தகரப் பாத்திரங்களை ஸ்டேஷனில் ஏற்றிவிடுவாராம். மாலை வண்டியில் வெறும் பாத்திரம் திரும்பி வரும். "ரயில் நின்ற வருடம் ஒன்றும் ஆகவில்லை" என்றார். "கார் இருந்ததே. பிறகு டாக்டர் போனார். பிறகு வங்கி. பிறகு எனக்குக் கண் போய் லைசன்சைப் பிடுங்கிக்கொண்டார்கள். அப்போதுதான் ரயில் நின்றது தெரிந்தது." இதைவிடத் தெளிவாக எந்த ஆய்வாளரும் எனக்குச் சொன்னதில்லை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? முன்பெல்லாம் ரயில் கம்பனி ஒரு பாதையை மூட வேண்டுமானால் ஒழுங்குமுறை ஆணையத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். ஊரார் போய் எதிர்த்துப் பேசலாம். 1996ஆம் ஆண்டின் கனடா போக்குவரத்துச் சட்டம் இதைப் பெரும்பாலும் ஒரு வியாபார நடைமுறையாக மாற்றியது. எந்தெந்தப் பாதையை வைத்துக்கொள்ளப் போகிறோம், எதைக் கைவிடப் போகிறோம் என்று கம்பனி மூன்றாண்டுத் திட்டம் வெளியிட வேண்டும். கைவிடப்போகும் பாதையை, ரயில் ஓட்ட விரும்பும் யாராவது வாங்குகிறார்களா என்று விளம்பரம் செய்ய வேண்டும். ஆள் வராவிட்டால் மத்திய, மாகாண, நகர அரசுகளிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். அவர்களும் வேண்டாம் என்றால் கழற்றலாம்.

அரசுகளுக்கு என்ன விலை? அதற்கு உச்சவரம்பு ஒன்று உண்டு. பாதையைப் பிரித்து விற்றால் தண்டவாள இரும்புக்கும் கட்டைக்கும் நிலத்துக்கும் என்ன கிடைக்கும், அதில் பிரிக்கும் செலவைக் கழித்தால் மிச்சம் எவ்வளவு என்ற கணக்கு. பிணத்தின் மேலிருக்கும் நகையின் விலை என்று வைத்துக்கொள்ளுங்களேன். அந்தப் பாதையில் எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள் என்பதற்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சொல்லைத் தமிழில் 'கைவிடுதல்' என்றுதான் பெயர்க்க வேண்டும். எங்கள் தாதித் தொழிலிலும் அதே சொல் உண்டு. பொறுப்பிலிருக்கும் நோயாளியை வேறொருவரிடம் ஒப்படைக்காமல் விட்டுப்போனால் அது கைவிடுதல். உரிமம் பறிபோகும் குற்றம். ரயில்வேயில் அது ஒரு படிவம்.

கழற்றும் வேலை நாம் நினைப்பதைவிட வேகமானது. ஆணியைப் பிடுங்குவார்கள், இணைப்புத் தகட்டைக் கழற்றுவார்கள், தண்டவாளத்தைத் தூக்கி அளவாக வெட்டி வண்டியில் ஏற்றுவார்கள். நல்ல இரும்பு வேறு பாதைக்குப் போகும், தேய்ந்தது உருக்குலைக்கு. சிலிப்பர் கட்டைகள் தோட்டத்துப் பாத்திகளுக்கு விளிம்பு கட்ட விலைபோகும். அதில் ஒரு எச்சரிக்கை. பழைய கட்டைகளில் கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஊறியிருக்கும். அது தோலுக்குக் கூடாது, புற்றுநோய் ஆபத்தும் உண்டு. கத்தரியும் மிளகாயும் நடும் பாத்திக்கு அதை வைக்காதீர்கள், குளிர்காயவும் எரிக்காதீர்கள்.

இனி எங்கள் ஊர்ப் பக்கம் வருகிறேன். நான் மன்னார்த் தீவில் பிறந்தவள். எங்களுக்கு அது ரயில் அல்ல, கோச்சி. மதவாச்சியில் பிரிந்து செட்டிகுளம், மடு றோட், முருங்கன், மன்னார், பேசாலை வழியாகத் தலைமன்னார் இறங்குதுறை வரை 106 கிலோமீற்றர். 1914இல் பாம்பன் பாலம் திறந்தபோது இரு கரையும் ஒரே பயணமாக இணைந்தன. கொழும்பில் ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் மாறி, தனுஷ்கோடியில் மறுபடி ரயில் ஏறிச் சென்னைக்குப் போகலாம். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை ரயிலோடு சேர்த்து அழித்தது. பாம்பன் பாலத்தைச் சில மாதங்களுக்குள் சீராக்கினார்கள். தனுஷ்கோடிக்குப் போன வாலை அப்படியே விட்டுவிட்டார்கள். கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறி, 1984இல் அதுவும் நின்றது.

நான் விவரம் தெரிந்து பார்த்தது ரயில் இல்லாத பாதையைத்தான். அம்மா மடு மாதா திருவிழாவுக்குப் போன ஆவணி மாதத்துக் கோச்சியைப் பற்றிச் சொல்லுவார். சனம் யன்னலால் ஏறுமாம், பெட்டிக்குள் செபமாலை சொல்லிக்கொண்டே போவார்களாம். நாங்கள் அந்த அணைமேட்டில் ஆடு மேய்ப்பதைப் பார்த்தோம். 1990இல் எல்லாம் நின்றுபோனது. வடக்கே யாழ்ப்பாணப் பாதையும் அதே ஆண்டு நின்றது. வவுனியாதான் கடைசி ஸ்டேஷன் ஆனது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிக்குக் கூரையாகப் போயின. இரண்டு பக்கத்தாரும் எடுத்தார்கள். மிச்சத்தைச் சனமும் எடுத்தது; மழைக்கு ஒழுகும் கொட்டிலுக்கு ஒரு வளை கிடைத்தால் யார் விடுவார்? இரும்பு என்ற அளவில் பார்த்தால் கோபகொங்க் பாதையைவிட எங்கள் பாதைதான் முற்றாக அழிந்தது. பாலங்களும் போயின.

ஆனால் எது திரும்பி வந்தது என்று பாருங்கள். இந்தியக் கடனுதவியில் இர்கான் நிறுவனம் வந்து மறுபடி போட்டது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, அக்டோபர் 13இல் யாழ்ப்பாணம், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை. எங்கள் தலைமன்னாருக்கு 2015 மார்ச் 14இல் ரயில் வந்தது. இந்தியப் பிரதமர் மோடி கொடியசைத்தார். இருபத்தைந்து ஆண்டு இரும்பில்லாமல் கிடந்த பாதை சில ஆண்டுகளில் எழுந்து நின்றது. குண்டே விழாத ஒன்ராறியோப் பாதை எழவில்லை.

காரணம் பணம் மட்டும் அல்ல. ரயில் பாதை என்பது இரும்பு என்று நாம் நினைக்கிறோம். இரும்பு அதில் மிக எளிதாகக் கிடைக்கும் பொருள். கிடைக்காத பொருள் நிலம். ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு, அறாமல், மேடு வெட்டிப் பள்ளம் நிரப்பி, மெல்லிய சாய்வோடு போகும் ஒரு நீண்ட நாடா. நூறு கிலோமீற்றரில் நடுவே அரைக் கிலோமீற்றரை விற்றுவிட்டால் மிச்சமும் பயனற்றதாகிவிடும். போரின்போது எங்கள் பாதையில் இருந்த எல்லாவற்றையும் கொண்டுபோனார்கள், நிலத்தை மட்டும் யாரும் பத்திரம் எழுதி விற்கவில்லை. அது ரயில்வே திணைக்களத்தின் பெயரிலேயே கிடந்தது.

இதில் ஒரு கசப்பையும் சொல்லாமல் விடக்கூடாது. அந்த ஒதுக்குநிலத்திலும் யாழ்ப்பாண ஸ்டேஷன் கட்டடத்திலும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் குடியிருந்தன. ரயில் வர அவர்கள் எழும்ப வேண்டியிருந்தது. யாழ்தேவிக்கு மாலை போட்ட படங்களில் அவர்கள் இல்லை.

மதுரை-போடி பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1928இல் வந்தது. இரண்டாம் உலகப் போரில் இரும்புக்காகப் பிடுங்கினார்கள், 1950களில் திரும்பப் போட்டார்கள். 2010இன் கடைசி நாளோடு அகலப் பாதையாக்க மறுபடி நிறுத்தினார்கள். 2023இல்தான் போடிக்கு ரயில் வந்தது. இரண்டு தரம் பிடுங்கி இரண்டு தரம் முளைத்திருக்கிறது. ஆனால் நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்கு ஓடிய சின்ன ரயில் 1940களில் மூடிய பிறகு வரவே இல்லை. மயிலாடுதுறை-தரங்கம்பாடி 1986இல் நின்றது, அதுவும் வரவில்லை. லண்டன் நண்பர்களுக்குப் பீச்சிங் அறிக்கையைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த அலையில் எடின்பரோவுக்குத் தெற்கே 1969இல் மூடிய பாதையில் ஒரு பகுதி 2015இல் திரும்பியபோது, இடையில் முளைத்திருந்த கட்டடங்களுக்கும் வீதிகளுக்கும் வழி தேட வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் 1983இல் ஒரு நல்ல ஏற்பாட்டைச் சட்டத்தில் சேர்த்தார்கள். கைவிடும் பாதையை நடைபாதையாகப் பயன்படுத்தலாம், ஆனால் துண்டு போடக்கூடாது, பிறகு ரயில் வேண்டுமென்றால் திரும்ப எடுக்கலாம். வங்கியில் நகை வைப்பதுபோல. இங்கே ஒன்ராறியோவிலும் பல பாதைகள் நடைபாதைகளாகியிருக்கின்றன. சன்டர்லண்டிலிருந்து கனிங்டன் பக்கம் போன வருடம் இலையுதிர் காலத்தில் நடந்தேன். இரண்டு பக்கமும் சதுப்பு, நடுவே நேர்கோடு, ஏறுவதும் தெரியாது இறங்குவதும் தெரியாது. கால் சொல்லிவிடும், இது மனிதர் நடக்கப் போட்ட பாதை இல்லை என்று. நடைபாதை ஆக்கியதைக் குறை சொல்பவர்கள் உண்டு. நான் நன்றி சொல்லுகிறேன். குறைந்தபட்சம் நாடா அறாமல் இருக்கிறது.

இதெல்லாம் பழங்கதை அல்ல என்பதற்கு இன்னொரு பாதையைச் சொல்லி முடிக்கிறேன். 1884இல் ரொறன்ரோவிலிருந்து பீற்றர்பரோ, ஹவ்லொக் வழியாகக் கிழக்கே பேர்த் பக்கம் ஒரு பாதை போட்டார்கள். அதில் ஓடிய ஹவ்லொக் பயணிகள் ரயிலை 1982இல் நிறுத்தி, 1985இல் திருப்பிக் கொடுத்து, 1990 ஜனவரி 15இல் மறுபடி நிறுத்தினார்கள். நாடு முழுவதும் வியா ரயில் சேவையில் ஏறத்தாழப் பாதியை வெட்டிய நாள் அது. ஹவ்லொக்குக்குக் கிழக்கே தண்டவாளமே இல்லை. மேற்கே மட்டும் இருக்கிறது, அதுவும் ஆட்களுக்காக அல்ல. அங்கே வெட்டும் நெஃபலின் சயனைட் என்ற கல்லுக்காக. கண்ணாடியும் பீங்கானும் செய்ய அது வேண்டும். அஜின்கோர்ட்டில் கடவையை மூடிவிட்டு மெதுவாகப் போகும் நீளச் சரக்கு வண்டியைத் திட்டியிருப்பீர்கள். இனித் திட்டாதீர்கள். பீற்றர்பரோவுக்குத் தண்டவாளம் இருப்பது அந்தக் கல்லின் புண்ணியம்.

2025 பெப்ரவரியில் மத்திய அரசு ரொறன்ரோவிலிருந்து கியூபெக் நகரம் வரை 'அல்ரோ' என்ற அதிவேக ரயிலை அறிவித்தது. ஏறத்தாழ ஆயிரம் கிலோமீற்றர், மணிக்கு 300 கிலோமீற்றர் வரை வேகம், பீற்றர்பரோவில் ஒரு தரிப்பு. பழைய வளைவுகளில் அந்த வேகம் ஓடாது, ஆகவே நிலம் வேண்டும். 1884இல் ஒருமுறை வாங்கிய திசையில் மறுபடி பண்ணைக்காரரின் வேலியைத் தட்ட வேண்டும். அதுவும் தரிக்கும் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. லின்ட்சேக்கோ கனிங்டனுக்கோ அதனால் ஒன்றும் வரப்போவதில்லை.

நம்மவர்களுக்கு இதில் என்ன என்று கேட்பீர்கள். ஸ்காபரோவில் வீட்டு விலை எட்டாமல் பிள்ளைகள் ஒசாவா தாண்டி, லின்ட்சே, பீற்றர்பரோ என்று போகிறார்கள். பெரிய வீடு, பின்னால் முருங்கை வளராத தோட்டம், மேல்மாடியில் அம்மா. அம்மாவுக்குக் கார் ஓடத் தெரியாது. சிறுநீரகத்துக்கோ கண்ணுக்கோ ரொறன்ரோவுக்கு வர வேண்டுமென்றால் மகன் லீவு போட வேண்டும். இரண்டாவது தரம் லீவு கிடைக்காது. தவறிய முன்பதிவுகளின் பட்டியலில் தமிழ்ப் பெயரைக் காணும்போது எனக்குத் தெரிந்துவிடும், இது அக்கறையின்மை இல்லை, தூரம். வீடு வாங்கும்போது அறைகளை எண்ணுகிறோம், பள்ளிக்கூடத்தைப் பார்க்கிறோம். பக்கத்தில் ரயிலோ பஸ்ஸோ உண்டா என்பதையும் பாருங்கள். நகரசபைக் கூட்டத்தில் பழைய ரயில் நிலத்தை விற்கும் பேச்சு வந்தால் போய் உட்காருங்கள். கோயில் கட்டடத்துக்கு அனுமதி கேட்கப் போகிறோமே, அதே மண்டபம்தான்.

2016இல் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கொழும்புக் கோட்டையில் தலைமன்னார் வண்டி ஏறினேன். மதவாச்சி தாண்டும்வரை அம்மா பேசவில்லை. புதுப் பெட்டி, புது ஸ்டேஷன், ஒன்றையும் அடையாளம் தெரியவில்லை. மடு றோட்டில் எழும்பிச் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு யன்னலோரம் வந்து, "இனி முருங்கன் வயல் வரும் பார்" என்றார். வந்தது. "இது அதே பாதைதான் பிள்ளை" என்று சொல்லிவிட்டு, செபமாலையைக் கைப்பையிலிருந்து எடுத்தார்.

நேரம் தாண்டிவிட்டேன் என்று நெறியாளர் கையைக் காட்டுகிறார். பாம்பனிலும் காங்கேசன்துறையிலும் ரயிலில் வேலை செய்தவர்களின் பிள்ளைகள் இருவர் இங்கே இருப்பதாகச் சாட்டில் எழுதியிருக்கிறார்கள். என்னைக் கேள்வி கேட்பதற்கு முன்னால் அவர்கள் பேசட்டும்.